முந்நூறு அடி ரயில்

ரயில் பிரயாணம் என்றால் நம் வீடுகளில் முதல் நாளே அமர்க்களம் ஆரம்பமாகிவிடும். கூஜாவில் ஜலம், வாழை இலையில் கட்டிய புளியோதரை, படுக்கைச் சுருள், குழந்தைக்குப் பால், வழியனுப்ப வரும் உற்றார் கூட்டம் ஆகிய இவ்வளவும் சேர்ந்தால்தான் நமக்கு அது பிரயாணம். ஆனால் ஏறி உட்கார்ந்து மேல்துண்டைச் சரிசெய்து கொள்வதற்குள், "இறங்குங்கள், வந்து சேர்ந்தாயிற்று" என்று சொல்லும் ரயில் ஒன்றும் இவ்வுலகில் உண்டு. அதன் பாதை முழுவதற்கும் நீளம் சுமார் 300 அடி. இராமேசுவரம் கோயிலின் வெளிப் பிராகாரத்தில் ஒரு பக்கம் நடந்தாலே அதைவிடக் கூடுதலான தூரம் நடந்தவர்களாவோம். இருந்தும் அது விளையாட்டு ரயில் அன்று. சட்டப்படி பதிவான கம்பெனி, டிக்கட்டு, ஸ்டேஷன் எல்லாம் உள்ள முறையான ரயில்வே. உலகத்திலேயே மிகச் சிறிய ரயில்வே என்று அதன் சொந்தக்காரர்கள் பெருமையோடு விளம்பரம் செய்து வந்தார்கள்.

சினிமா உலகத்தால் பெயர் பெற்ற லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் நடுவில் இருக்கிறது இது. ஸ்பெயின் தேசத்தார் 1781-ம் வருஷத்தில் அந்த ஊரை ஸ்தாபித்தபோது, தேவதூதர்களின் அரசியான மேரி மாதாவின் பெயரை இட்டார்கள். அரசி மறைந்து தேவதூதர்கள் மட்டும் இன்றும் ஊர்ப் பெயரில் நிற்கிறார்கள். ரயிலின் பெயரும் அதையொட்டி வந்ததுதான்: ஏஞ்சல்ஸ் ப்ளைட். 'ப்ளைட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பறத்தல் என்று ஒரு பொருள். படிக்கட்டு வரிசை என்று மற்றொரு பொருள். பெயர் வைத்தவர் இரண்டையும் நினைத்தே வைத்திருக்க வேண்டும். ஏனெனில் அந்த ரயில், ஒரு செங்குத்தான குன்றின் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே மேலும் கீழுமாக ஓடுவது.

அந்தக் குன்றுக்குப் பங்க்கர் ஹில் என்று பெயர். அமெரிக்கர்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் சுதந்தரப் போர் தொடங்கிய காலத்தில், 1775-ல், பாஸ்டன் நகருக்கருகே நடந்த புகழ்பெற்ற சண்டையின் ஞாபகார்த்தமாக வைத்த பெயர் அது. குன்றை 1867-ம் வருஷத்தில் புரூடெண்ட் போத்ரி என்ற வியாபாரி வாங்கினார். தண்ணீர் ஏறாத கட்டாந்தரை என்று மற்றவர்கள் ஒதுக்கிய இடம். அவரோ மேலே தண்ணீர் ஏற்றி, வீதி வகுத்து, மனைகளாகப் பிரித்து விற்றார். சில வருஷங்களுக்குள் கனதனவான்கள் அங்கே மரத்தாலான அழகிய மாளிகைகளை எழுப்பிக்கொண்டார்கள். கோபுரம் போன்ற கூரைகளும், சித்திர வேலை செய்த தாழ்வாரங்களும், வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுமாக அந்த வீடுகள் விளங்கின.

மேலே குடியிருப்பு, கீழே கடைவீதியும் காரியாலயங்களும். மலை மேல் வீடு கட்டியவர்கள் எல்லாருக்கும் உண்டாகும் கஷ்டம் இவர்களுக்கும் உண்டாயிற்று. கீழே இறங்குவது எளிது. காய்கறிக் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு, தரையில் புரளும் நீண்ட பாவாடையை மற்றொரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறுவது யாரால் ஆகும்? நகரமோ நாளுக்கு நாள் பெருத்தது. 1890-ல் ஐம்பதாயிரமாக இருந்த ஜனத்தொகை 1900-ல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இந்தக் கஷ்டத்தைக் கண்டு வழி சொன்னவர் கர்னல் ஜேம்ஸ் வார்டு எட்டி என்ற கிழவர். வக்கீல்; ஆபிரகாம் லிங்கனோடு பழகியவர்; அரிஸோனாப் பிரதேசத்தில் ரயில் பாதை போட முனைந்து அனுபவம் பெற்றவர். எழுபது வயதை எட்டிப் பிடிக்கும் சமயத்தில் சாதாரணமாக மனிதர்கள் சாய்வு நாற்காலியைத் தேடுவார்கள். இவர் நகர சபையாரிடம் சென்று, 'குன்றின் பக்கவாட்டில் ஒரு ரயில் போட்டுக்கொள்ள உத்தரவு கொடுங்கள்' என்று கேட்டார். உத்தரவு கிடைத்தது. 1901-ம் வருஷம் டிஸம்பர் மாதம் 31-ந் தேதி, அதாவது வருஷக் கடைசி நாளன்று, ரயில் ஓட ஆரம்பித்தது. கட்டணம் ஒரு ஸெண்ட். டாலரில் நூற்றில் ஒரு பங்கு.

எப்படி ஓடிற்று என்று சொல்லவேண்டும். நம் ஊர்க் கிணறு ஒன்றில், உருளையின் மேல் போட்ட ஒரே கயிற்றின் இரு முனைகளிலும் இரண்டு வாளிகளைக் கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இறங்கினால் மற்றொன்று ஏறும். இறங்கும் வாளியின் பாரமே ஏறும் வாளியைப் பாதி தூக்கிவிடும். இழுப்பவருக்கு மிச்ச வேலைதான். அந்த ரயிலின் தத்துவமும் இதுவே. இரண்டே வண்டிகள், ஒன்றுக்கு ஸைனாய் என்றும் மற்றொன்றுக்கு ஆலிவெட் என்றும் பெயர். இரண்டும் கிறிஸ்தவ வேதத்தில் வரும் மலைகளின் பெயர்கள். உச்சியில் உள்ள யந்திரம் கயிற்றைச் சுற்ற, ஸைனாய் ஏறும்போது ஆலிவெட் இறங்கும். நடுவழியில் மட்டும் பாதை இரண்டாகப் பிரிந்து, வண்டிகள் ஒன்றையொன்று ஒதுங்கிக் கடந்து செல்லும். பழநியில் விஞ்சு வண்டியில் ஏறி மலைக்குப் போயிருக்கும் நேயர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சரிவு மூன்றடிக்கு ஓரடி. கணக்கு வகுப்பில் இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் பிள்ளைகள் "இவ்வளவுதானா?" என்பார்கள். அந்தச் சரிவில் அரிசி மூட்டையுடன் பத்தடி ஏறிப் பார்த்தால்தான் தெரியும். சாதாரண ரயில் வண்டியை அதில் நிறுத்தினால் பிரயாணிகள் ஒருவர் மடியில் ஒருவர் விழவேண்டியதுதான். ஆகையால் வண்டியின் தளத்தையே படிப்படியாக அமைத்து, ஒவ்வொரு படியிலும் ஆசனம் போட்டார்கள். நவராத்திரிக் கொலுவில் பொம்மைகள் வீற்றிருப்பது போல ஜனங்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து மேலேறினார்கள்.

இன்னும் ஒரு விஷயத்தை இங்கே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வண்டிகளை இழுக்கும் கயிறு ஒன்று இருக்க, அது அறுந்தால் தாங்கிக்கொள்வதற்கென்றே தனியாக இன்னொரு கயிறும் இருந்தது. தினமும் வேலை செய்யும் கயிற்றை எல்லாரும் பார்ப்பார்கள். வேலையில்லாமல் கூடவே வரும் இந்த இரண்டாவது கயிற்றை யார் கவனிக்கப் போகிறார்கள்? வீண் செலவு என்றுகூட ஒருவருக்குத் தோன்றலாம். இதைப் பற்றிப் பின்னால் சொல்லவேண்டி வரும்.

ரயில் ஜனங்களுக்குப் பழகிவிட்டது. சில வருஷங்களில் பாதையை ஒரே சரிவாகத் திருத்தி அமைத்தார்கள்; கீழ் ஸ்டேஷனில் தூண்களுடன் கூடிய வளைவு வாயில் ஒன்றும் எழுந்தது. எட்டி தம்முடைய ரயிலை 1912-ல் விற்றுவிட்டு, 1916-ல் காலமானார். 1917-ல் கீழே ஹில் வீதியில் கிராண்டு ஸென்ட்ரல் மார்க்கெட் என்ற பெரிய சந்தை திறக்கப்பட்டது. காலையில் ரயிலில் இறங்கிச் சந்தைக்குப் போவதும், கூடையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் ஏறி வீடு திரும்புவதும் குன்றுவாசிகளின் அன்றாட வழக்கமாயிற்று. முதல் ஐம்பது வருஷங்களில் 10 கோடிப் பேருக்கு மேல் ஏறி இறங்கினார்கள் என்று ஒரு கணக்குச் சொல்லுவார்கள். 10 கோடியை 50 ஆல் வகுத்தால் வருஷத்துக்கு 20 லட்சம். நாளைக்கு ஏறக்குறைய 5,480 பேர். முந்நூறடிப் பாதைக்கு இது ஆச்சரியமான தொகை. ஆனால் நம்ப முடியாததல்ல.

எட்டி தம் சிறிய ரயிலைத் தொடங்கிய அதே 1901-ம் வருஷத்தில், ஹென்றி ஹண்டிங்டன் என்ற பெரும் செல்வர் அதே நகரத்தில் பஸிபிக் எலெக்ட்ரிக் என்ற மின்சார ரயில் கம்பெனியைத் தொடங்கினார். அது ஆயிரம் மைலுக்கு மேல் பாதை போட்டது. மலையடிவாரம் முதல் கடற்கரை வரையில் சிவப்பு வண்டிகள் பறந்தன. அந்த மகா சாம்ராஜ்யம் என்னவாயிற்று? மோட்டார்க் கார் வந்தது. அகன்ற சாலைகள் வந்தன. அதன் கடைசித் தடம் 1961-ல் நின்றது. நகரத்தின் டிராம் வண்டிகள் 1963-ல் மறைந்தன. முந்நூறடி ரயில் மட்டும் அப்பொழுதும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆயிரம் மைல் ரயிலோடு போட்டி போடக் கார் இருந்தது. படிக்கட்டோடு போட்டி போட்ட இந்த ரயிலுக்கு அந்தக் கவலை இல்லை.

இதற்குள் குன்றின் நிலைமை மாறிப்போய்விட்டது. கார் வாங்கிய தனவந்தர்கள் நகரத்துக்கு வெளியே புதிய பேட்டைகளுக்குக் குடிபோனார்கள். அவர்களுடைய மாளிகைகளைத் தட்டி வைத்துத் தடுத்து, அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். பென்ஷனில் காலம் தள்ளும் கிழவர்களும், கணவரை இழந்த மூதாட்டிகளும், வேலை தேடி வந்த தொழிலாளரும், பிழைப்புக்காகத் தங்கள் நிலத்தை விட்டு நகரத்துக்கு வந்த செவ்விந்தியர்களும் அங்கே குடியேறினார்கள். ஜான் பாண்ட்டே 1939-ல் எழுதிய நாவலிலும், ரேமண்ட் சாண்ட்லர் 1942-ல் எழுதிய துப்பறியும் கதையிலும் அந்த வாடகை அறைகள் வருகின்றன. செவ்விந்திய வாலிபர்கள் அங்கே வாழ்ந்த வாழ்க்கையைக் கெண்ட் மக்கன்ஸி என்பவர் படமாகவே பிடித்து 1961-ல் வெளியிட்டார். ஏழைகளின் குன்றாகிவிட்டது என்பது உண்மை. ஆனால் வாடகை குறைவு, கீழே மார்க்கெட்டு, ஏறுவதற்கு ரயில். கார் இல்லாத ஒரு கிழவருக்கு அந்நகரத்தில் இதைவிட நல்ல இடம் வேறு கிடைத்திராது.

நகர நிர்வாகிகளின் கண்ணுக்கு அது அவ்வாறு தோன்றவில்லை. பழைய மர வீடுகள்; தீப்பிடித்தால் தெருவே போகும்; நெருக்கடி, நோய், குற்றம் எல்லாம் அங்கே மிகுதி; நகரின் நடு மத்தியில் உள்ள நிலத்திலிருந்து வரும் வரியோ மிகச் சொற்பம் என்றார்கள். இவற்றை முழுப் பொய் என்று தள்ளுவதற்கில்லை. பரிகாரமாக அவர்கள் கண்ட வழிதான் விசித்திரமானது. வீடுகளைச் செப்பனிடுவதல்ல, குன்றையே துடைத்துவிடுவது! 1959-ல் நகர சபை திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தது. 130 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் இருந்த வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி இடித்தார்கள். வீடுகள் போன பிறகு மண்ணையும் வெட்டிக் குன்றின் உச்சியைத் தாழ்த்தினார்கள். ஆயிரக்கணக்கான ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினார்கள்.

இதன் நடுவே ஒரு வேடிக்கை. புராதனச் சின்னங்களைக் காப்பாற்றுவதற்காக நகரத்தார் ஒரு சபையை ஏற்படுத்தி, 1962-ல் நகரின் சின்னங்களுக்கு வரிசை எண் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த ஜாபிதாவில் நாலாவது எண்ணைப் பெற்றது ஏஞ்சல்ஸ் ப்ளைட். சின்னம் என்று முத்திரை குத்தியாயிற்று. சுற்றிலும் வீடுகளை இடிக்கும் வேலையும் நடந்தது. நாளடைவில், ஏறுவதற்குப் பாதை இருந்தது. ஏறிப் போய்ச் சேர வீடு இல்லை. 1969-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதியோடு ரயிலை நிறுத்தினார்கள். ஸைனாயும் ஆலிவெட்டும் கிடங்குக்குப் போயின. வளைவு வாயிலையும் பிரித்து எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். மறுபடியும் விரைவிலேயே கொண்டுவந்து வைப்போம் என்று வாக்குறுதி தந்தார்கள்.

வீடுகளிலும் இரண்டைக் காப்பாற்ற ஒரு முயற்சி நடந்தது. 'கோட்டை' என்றும் 'உப்புப் பெட்டி' என்றும் ஜனங்கள் செல்லமாக அழைத்த இரு பழைய வீடுகளை அப்படியே பெயர்த்து, அதே 1969-ல், நகரின் வேறொரு பகுதிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். சில மாதங்களுக்குள் யாரோ துஷ்டர்கள் வைத்த தீயில் இரண்டும் சாம்பலாயின. பங்க்கர் ஹில் மாளிகைகளின் கதை அத்துடன் முடிந்தது.

விரைவில் என்று சொன்ன வாக்குறுதி நிறைவேற 27 வருஷங்கள் பிடித்தன. 1996-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், பழைய இடத்துக்கு அரைத் தெரு தெற்கே, ரயில் மறுபடி ஓட ஆரம்பித்தது. அதே வண்டிகள், அதே வாயில், மஞ்சளும் சிவப்பும் கலந்த அதே பளிச்சென்ற நிறம். கட்டணம் 25 ஸெண்ட். கீழே மார்க்கெட்டும் இருந்தது. மேலே மட்டும் பாவாடையைத் தூக்கிப் பிடித்த சீமாட்டிகளும் இல்லை, பென்ஷன் கிழவர்களும் இல்லை. கண்ணாடியால் இழைத்த வானளாவிய காரியாலயங்கள் நின்றன. பகல் உணவுக்கு இறங்கும் குமாஸ்தாக்களும், ஊர் பார்க்க வந்தவர்களுமே பிரயாணிகள். வண்டிகள் திரும்பி வருவதற்கு ஒரு வாக்குறுதியாவது இருந்தது. அவற்றில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பி வருவதைப் பற்றி யாரும் பேச்செடுத்ததில்லை. மரத்துக்கும் இரும்புக்கும் காட்டிய மரியாதையில் ஒரு பங்கை மனிதர்களுக்கும் காட்டியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்பொழுது அந்த இரண்டாவது கயிற்றுக்கு வருவோம். 1996-ல் ரயிலைப் புதுப்பித்தவர்கள் வெளித் தோற்றத்தில் பழமையை அணுவளவும் மாற்றவில்லை. உள்ளே இருந்த யந்திரத்தை மாற்றிவிட்டார்கள். ஒரே கயிற்றின் இரு முனைகளிலும் வண்டிகளைக் கட்டுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு வண்டிக்கும் தனிக் கயிறு, தனி உருளை. உருளைகளைப் பல்சக்கரங்களால் இணைத்தார்கள். காவலாக இருந்த இரண்டாவது கயிற்றைப் போடவேயில்லை. தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் பிரேக்கும் வண்டிகளில் கிடையாது. இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லாமல் இப்படிப்பட்ட ரயில் உலகில் வேறெங்கும் ஓடுவதாகத் தங்களுக்குத் தெரியாது என்று பின்னால் விசாரணை செய்த அரசாங்க நிபுணர்களே எழுதினார்கள்.

2001-ம் வருஷம் பிப்ரவரி மாதம் முதல் தேதி, உச்சியை நெருங்கிக்கொண்டிருந்த ஸைனாய் வண்டி திடீரென்று பின்னோக்கி உருள ஆரம்பித்தது. அதன் உருளையை யந்திரத்தோடு பிணைத்திருந்த பாகத்தின் பற்கள் தேய்ந்து வழுக்கிவிட்டன. அவசரத்துக்கென்று வைத்திருந்த பிரேக்கு நெடுநாளாகவே வேலை செய்யாமல் இருந்திருக்கிறது, ஒருவரும் கவனிக்கவில்லை. வண்டி பாய்ந்து இறங்கிக் கீழே இருந்த ஆலிவெட்டின் மீது மோதிற்று. 83 வயது முதியவர் ஒருவர் உயிரிழந்தார். ஏழு பேர் காயமடைந்தார்கள். பழைய காலத்து ஏற்பாட்டில் ரயில் 67 வருஷம் ஓடியது. புதிய ஏற்பாட்டில் ஐந்து வருஷம் நிறைவதற்குள் இது நேர்ந்தது.

அதன்பின் ஒன்பது வருஷம் ரயில் அசையவில்லை. யந்திரத்தை மாற்றி, காவல் கயிற்றை மீண்டும் போட்டு, தண்டவாளப் பிரேக்கையும் பொருத்தி, 2010-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஓட்டினார்கள். பாடம் கற்றாயிற்று என்று நினைத்தால், 2013-ம் வருஷம் ஸெப்டம்பரில் ஒரு வண்டி நடுவழியில் தடம் புரண்டு நின்றுவிட்டது. நல்லவேளையாக உயிர்ச்சேதமில்லை. ஆனால் விசாரணையில் வெளிப்பட்ட செய்தி வயிற்றைக் கலக்குவதாக இருந்தது. கோளாறு ஏற்பட்டால் வண்டியைத் தானே நிறுத்திவிடும் காப்பு ஏற்பாடு அடிக்கடி குறுக்கிட்டதால், அதை வாயடைப்பதற்காக ஓர் பொத்தானை அழுத்தியபடியே இருக்கும்படி மரக்கிளைத் துண்டு ஒன்றைச் செருகி வைத்திருந்தார்களாம்! அலாரம் கடிகாரத்தின் தலையில் தட்டிவிட்டுத் திரும்பிப் படுக்கும் பையனை நாம் அறிவோம். மனிதர்களை ஏற்றிக்கொண்டு சரிவில் தொங்கும் வண்டியிடமும் அந்தப் புத்தியா?

மறுபடியும் நாலு வருஷம் மூடிக் கிடந்தது. அந்த இடைவேளையில் வந்த 'லா லா லாண்டு' என்ற ஹாலிவுட் படத்தில் காதலர் இருவர் இந்த ரயிலில் ஏறிச் செல்லும் காட்சி வந்தது. பொதுஜனங்கள் ஏறமுடியாமல் இருந்த காலம் அது! பாதையோரத்தில், நடுவழியில் நின்றுவிட்டால் இறங்கி நடப்பதற்கான நடைபாதை அமைத்து, கதவுகளைப் பலப்படுத்திய பிறகு, 2017-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி திறந்தார்கள். அன்று வைத்த கட்டணம் ஒரு டாலர். 1901-ல் கொடுத்ததைப் போல் நூறு மடங்கு. நகரமும் ரயிலை ஒருவாறு மறுபடி நேசிக்கத் தொடங்கிவிட்டது. 1990-ல் மின்சார ரயில் மீண்டும் வந்தது. 1993-ல் திறந்த சுரங்க ரயிலின் ஸ்டேஷன் வாயில்களில் ஒன்று, ஏஞ்சல்ஸ் ப்ளைட்டின் அடிவாரத்துக்குச் சமீபத்திலேயே இருக்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போகும் நேயர்கள் கிராண்டு ஸென்ட்ரல் மார்க்கெட்டின் பின்வாயில் வழியாக ஹில் வீதிக்கு வந்தால் எதிரே வளைவு வாயிலைக் காண்பார்கள். ஏறும்போது பணம் கேட்பவர் யாருமில்லை. டிக்கட்டு ஜன்னல் மேல் ஸ்டேஷனில்தான் இருக்கிறது, இறங்குகிறவர்களும் அங்கேயே கொடுத்துவிட வேண்டும். பிரயாணம் ஒரு நிமிஷத்துக்குச் சற்று ஏறக்குறைய. இறங்கி வந்தபின் வடக்கே அரைத் தெரு நடந்தால் மூன்றாவது வீதி வரும். எட்டி தம் ரயிலை முதலில் போட்ட இடம் அது. அதற்குப் பக்கத்தில், 1980-ஐ ஒட்டிய வருஷங்களில், வருமானம் குறைந்த முதியோர்களுக்கென்றே ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜாகைகள் கொண்ட உயர்ந்த கட்டிடங்களைக் கட்டியிருக்கிறார்கள். ஏஞ்சலஸ் பிளாஸா என்று பெயர். முதல் வீடு இடிந்ததற்கும் இது எழுந்ததற்கும் நடுவே சுமார் இருபது வருஷம். இடிந்த வீடுகளில் இருந்த கிழவர்கள் காத்திருக்கக் கூடிய காலம் அல்ல அது.